சேதத்துக்குக் காரணம்

எட்டு உறைகள். சாப்பாட்டு மேஜையில் பழைய வேட்டி ஒன்றை நாலாக மடித்து விரித்து அதன் மேல் பரப்பி வைத்திருக்கிறேன். மணி பத்தே முக்கால். ஒரு மணிக்குள் லோகநாதனுக்குப் படங்களை அனுப்பியாக வேண்டும். ஒரு மணி தாண்டினால் இந்தக் கண்காட்சிப் பட்டியலில் ஏறாது சார், அடுத்தது தை மாசம்தான் என்று நேற்றே கோயம்புத்தூரிலிருந்து போனில் சொல்லிவிட்டார். தை வரைக்கும் இதை வைத்துக்கொண்டு எங்கே போவது, நாளைக் காலையில் பெயிண்டர் வருகிறான், பீரோவை நகர்த்த வேண்டும், ஆவணியில் கல்யாணம், பீரோ இருந்த இடத்தில் மருமகளுக்குக் கண்ணாடி வைத்த அலமாரி வரப்போகிறது. முப்பது வருஷமாகச் சேர்த்தவை. அரசாங்க நாணயச் சாலை வெளியிடுகிற நினைவு நாணயங்கள். முன்கூட்டியே பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு எட்டு மாசமோ பத்து மாசமோ காத்திருந்தால் தபாலில் வரும். அட்டை உறை, உள்ளே பிளாஸ்டிக் படலம், அதற்குள் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும் நாணயம். பிரிக்கக் கூடாது. பிரித்தால் மதிப்பில் பாதி போய்விடும். என்ன வேடிக்கை, பார்ப்பதற்கென்றே அப்படி மெருகேற்றிய சாமானைப் பார்க்காமலே வைத்திருக்க வேண்டும். நல்ல உறையில் இருந்த முப்பத்திரண்டையும் லோகநாதன் போன வாரமே வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்த எட்டை மட்டும் மேஜையிலேயே ஒதுக்கி வைத்தார். "உறை போனது எதனாலன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி எழுதி போட்டோவோட அனுப்பிடுங்க சார். வாங்குறவங்க மொதல்ல அதைத்தான் கேப்பாங்க." ஒரு வரிதானே என்றுதான் நானும் உட்கார்ந்தேன்.

ஒரு வரி எழுதத் தெரியாதவனா நான். முப்பத்தோரு வருஷம் சேலம் ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் அதைத்தானே செய்தேன். மூட்டை ஓரம் பிரிந்துள்ளது. பெட்டி ஒருபுறம் நசுங்கியுள்ளது. உள்ளே ஈரம். கூடை மூடி கட்டவிழ்ந்துள்ளது. சாமானைப் பார்த்த மாத்திரத்தில் கை எழுதிவிடும். புருஷோத்தமன் பார்த்துவிட்டான் என்றால் அதற்கு மேல் பார்க்க வேண்டாம் என்று சூப்பர்வைசரே சொல்லுவார். சரி, முதல் உறை, எலி கடித்தது, இடது மூலை, எழுதியாயிற்று. இரண்டாவது, தொண்ணூற்றெட்டு மழையில் பீரோவின் பின்பக்கம் ஒழுகி அட்டை உப்பிப் போனது. நிரஞ்சன் பிறந்த வருஷம் அது, கோமளா தர்மபுரியில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள், நான் தனியாக ஒழுகுகிற இடத்தில் குண்டான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளை பிறந்த செய்தியைவிட அட்டை நனைந்தது அன்றைக்கு எனக்குப் பெரிதாக இருந்ததோ. இருந்திருக்காது. இருந்திருக்கும். மூன்றாவது தபாலிலேயே மடங்கி வந்தது. நாலாவதில் ரப்பர் பேண்டு போட்டு வைத்தேன், என் புத்தி, அது உருகி அட்டையோடு ஒட்டிப் பிசினாகிவிட்டது. ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் கரையான், பீரோவின் அடித்தட்டு. எழுதியாயிற்று, படமும் எடுத்து ஏழையும் லோகநாதனுக்கு அனுப்பியாயிற்று. மின்விசிறிக் காற்றில் வேட்டியின் ஓரம் படபடக்கிறது. நூல் கையுறைக்குள் விரல்கள் வேர்த்திருக்கின்றன. சமையலறையில் கோமளா கடுகு தாளிக்கிறாள். எட்டாவது உறையை நான் குப்புற வைத்திருக்கிறேன். எப்போது அப்படி வைத்தேன். எடுக்கும்போது நேராகத்தானே எடுத்தேன்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். வாசல் கேட்டில் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது, போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. நிரஞ்சன் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற இடத்துக்குப் போயிருக்கிறான், எழுத்துப் பிழை பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்றான். பெங்களூரிலிருந்து நேற்று வந்தவன். அவன் வருவதற்குள் இதை முடித்து, பையில் போட்டு, பீரோவுக்குள் வைத்துவிட வேண்டும். ஏன், அவன் பார்த்தால் என்ன. பார்த்தால் என்ன என்றால், ஒன்றுமில்லை, அவன் பார்க்க வேண்டாம், அவ்வளவுதான். லோகநாதன் இன்னொரு வழியும் சொன்னார். "எங்கிட்ட காலி உறை இருக்கு சார். நாணயத்தைத் தனியா எடுத்துட்டவங்க உறையைக் கொண்டாந்து போடுவாங்க. அதே வருஷத்து உறை இருந்தா மாத்திக் குடுக்கறேன். பாத்தா தெரியாது. ஆனா மாத்தினதுன்னு சொல்லித்தான் விப்பேன், அது என் பழக்கம்." சொல்லித்தான் விற்பாராம். சொல்லாமல் விற்றால் என்ன ஆகிவிடும். வேறு யாரோ பிரித்துப்போட்ட உறை, கிழிசலே இல்லாத உறை, அதில் இந்த நாணயத்தை நுழைத்துவிட்டால் அந்த நாள் நடக்காதது மாதிரி ஆகிவிடாதா. அல்லது வெட்டி எடுத்து நாணயத்தை மட்டும் கொடுத்துவிட்டு உறையை அடுப்பில் போட்டுவிடலாம். அல்லது கொடுக்கவே வேண்டாம், லாக்கரில் வைத்துவிடலாம், நான் போன பிறகு யாராவது எடுத்துப் பார்த்து என்ன இது என்று தூக்கிப் போடட்டும். நாலு வழி இருக்கிறது. எட்டு உறையில் ஏழுக்கு வழி தேட வேண்டியிருக்கவில்லை. இந்த ஒன்றுக்கு நாலு வழி இருந்தும் கை போகமாட்டேன் என்கிறது.

போன மாசம் நாமக்கல்லில் பெண் வீட்டில். கூடத்தில் ஜமுக்காளம், கேசரி, பஜ்ஜி, பெண் சிந்துஜா வந்து நமஸ்காரம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாள். பெண்ணின் அப்பா அருணகிரி ஏதோ கேட்டார், இடது பக்கத்திலிருந்து கேட்டார், நிரஞ்சன் வழக்கம்போல் முகத்தை முழுக்கத் திருப்பி வலது காதைக் கொடுத்து, "என்னங்க மாமா?" என்றான். எங்கள் வீட்டில் யாரும் அவனுக்கு இடது பக்கம் நின்று பேசமாட்டோம், பழகிவிட்டது, சொல்லிக்கொடுக்காமலே சொந்தக்காரர்களுக்கும் பழகிவிட்டது. அருணகிரியின் மனைவி தன்மையான பொம்பளை. குத்திக் கேட்கவில்லை. "தம்பிக்கு அந்தக் காது பிறவியிலேயேங்களா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். கோமளாதான் பதில் சொன்னாள். "இல்லைங்க, ஏழு வயசுல ஒரு காய்ச்சல் வந்துச்சு, அதுல போயிடுச்சு." கணமும் தயங்காமல் சொன்னாள். நான் அவளுக்கு அப்படித்தானே சொல்லியிருந்தேன். நிரஞ்சன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கேசரியில் முந்திரியைத் தேடிக்கொண்டிருந்தேன். காப்பியை ஊற்றி அதை உள்ளே தள்ளினேன். அந்தம்மாள், "அடடா, கொழந்தையில எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்" என்றார். பிறகு நாள் பார்க்கிற பேச்சு வந்துவிட்டது.

சரி, திருப்பிப் பார்த்துவிடுவோம். உறைதானே. திருப்பினேன். அட்டையின் மடிப்பு மேலிருந்து கோணலாகக் கிழிந்திருக்கிறது. கத்தியால் கீறியதில்லை, கத்தரிக்கோல் இல்லை, சின்ன விரல்களால் பிய்த்தது. உள்ளே படலம் பிரிய மறுத்திருக்கிறது போல, அதைப் பல்லால் கடித்திருக்கிறான். கடித்த இடம் இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது, நடுவில் ஓர் இடைவெளி, முன்பல் விழுந்திருந்த வயசு. நூறு ரூபாய் வெள்ளி நாணயத்தின் மேல் எண்ணெய்க் கையின் அச்சு. வெள்ளியில் எண்ணெய் பட்டால் வருஷம் போகப் போகப் பழுப்பேறும், இப்போது முறுக்கின் நிறத்தில் இருக்கிறது. முறுக்குத்தான் தின்றுகொண்டிருந்தான். இரண்டாயிரத்து ஐந்து, சித்திரை மாசம், பள்ளிக்கூடம் லீவு. கோமளா தங்கச்சி பிரசவத்துக்கென்று தர்மபுரி போயிருந்தாள். ராத்திரி டியூட்டி முடித்துக் காலை ஒன்பதுக்கு வந்தேன், பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவனைக் கூட்டி வந்து இட்லி கொடுத்துவிட்டுப் படுத்தேன். அந்த நாணயம் முந்தின நாள்தான் தபாலில் வந்திருந்தது, பதினோரு மாசம் காத்திருந்து வந்தது, நான் இன்னும் பீரோவில்கூட வைக்கவில்லை. முழிப்பு வந்து கூடத்துக்கு வந்தேன். தரையில் அட்டைத் துண்டுகள். ஜன்னல் வெயிலில் உட்கார்ந்து நாணயத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டிருந்தான், சுவரில் வெளிச்ச வட்டம் ஓடியது. என்னைப் பார்த்துச் சிரித்தான். பயந்து சிரித்த சிரிப்பு இல்லை அது. காட்டுவதற்காகச் சிரித்தான். "அப்பா, இங்க பாரேன்" என்றான்.

அடித்தேன். ஓங்கி, கையை முழுக்க விரித்து. தூக்கக் கலக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம், பல வருஷம் சொல்லிக்கொண்டேன். ஆனால் எனக்குத் தெரியும், நான் நன்றாக முழித்துத்தான் இருந்தேன், இரண்டு எட்டு நடந்து போய்த்தான் அடித்தேன், அந்த இரண்டு எட்டில் நிறுத்தியிருக்கலாம். உள்ளங்கை அவன் காதில் அப்படியே மூடி விழுந்தது. ஒரு சத்தம். நாணயம் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. நான் முதலில் என்ன செய்தேன். குனிந்து நாணயத்தை எடுத்தேன். இதை யாருக்கும் சொல்ல முடியாது. பிள்ளை தரையில் கிடக்கிறான், நான் கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவுகிறேன், விளிம்பு நசுங்கவில்லையே என்று பார்க்கிறேன். அவன் அழவில்லை. எழுந்து உட்கார்ந்து, "அப்பா, காதுல விசில் அடிக்குது" என்றான். "போய் மூஞ்சி கழுவு" என்றேன். ராத்திரி தலையணை உறையில் ஒரு பொட்டு ரத்தம். துவைத்துப் போட்டுவிட்டேன். நாலாம் நாள் சீழ் வடிந்து காய்ச்சலும் கண்ட பிறகுதான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் அவன் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, "அடி ஏதாவது பட்டுச்சா?" என்று கேட்டார். நான் சொன்னேன், இல்லை டாக்டர், காதுல பட்ஸ் போட்டான், ஆழமா விட்டுட்டான் போலிருக்கு. அந்த நாற்காலி சுழல்கிற நாற்காலி, அவன் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். ஆட்டம் நின்றது. என்னைப் பார்த்தான். ஏழு வயசுப் பிள்ளை அப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியாது. கோபம் இல்லை, அழுகை இல்லை, கணக்குப் புரியாமல் வாத்தியார் முகத்தைப் பார்க்கிற மாதிரி. டாக்டர் மருந்து எழுதினார், லேட்டாகக் கூட்டி வந்திருக்கிறீர்கள் என்றார். கோமளா வந்தபோது காய்ச்சல் என்றேன், காய்ச்சல் வந்தது உண்மைதானே. அன்றைக்குத் தொடங்கி இருபது வருஷம். அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா இல்லையா. இந்த ஒரு கேள்வியோடு நான் எத்தனை விதமாகக் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அவன் பத்தாவது படிக்கும்போது டிவியில் யாரோ பிள்ளையை அடிக்கிற காட்சி வந்தால் நான் எழுந்து போய் மோட்டார் போடுவேன். திரும்பி வந்து அவன் முகத்தைப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. ஏழு வயசு ஞாபகம் எவ்வளவு நிற்கும், எனக்கு ஏழு வயசில் நடந்தது ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பேன். ஒரு மாட்டு வண்டிச் சக்கரம், ஒரு மஞ்சள் சட்டை, அவ்வளவுதான். அப்படியானால் அவனுக்கும் இருக்காது என்று இரண்டு நாள் நிம்மதியாக இருப்பேன். மூன்றாம் நாள், சக்கரமே நிற்கும்போது இது நிற்காதா என்று தோன்றும். அதற்குப் பிறகு அவனை நான் ஒரு தடவையும் அடித்ததில்லை. கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்தேன். ஊரில் எல்லோரும் சொல்வார்கள், புருஷோத்தமன் பிள்ளையிடம் குரல்கூட உயர்த்த மாட்டான், தங்கமான அப்பா. தங்கமான அப்பா.

பன்னிரண்டு இருபது. போனில் எட்டாவது படத்துக்குக் கீழே எழுதினேன். "உறை கிழிந்துள்ளது." அதுதான் படத்திலேயே தெரிகிறதே, எதனால் என்றுதான் கேட்கிறார். அழித்தேன். "கையாளும்போது கிழிந்தது." யார் கையாளும்போது. அழித்தேன். "குழந்தை கிழித்தது." இதைப் பார்த்ததும் எனக்குக் கன்னம் சூடானது. எல்லாவற்றையும் அவன் மேல் போடுகிறேனே, அன்றைக்கு டாக்டரிடம் போட்ட மாதிரியே. ஆனால் கிழித்தது அவன்தானே, அதில் பொய் என்ன இருக்கிறது. பொய் இல்லைதான். பார்சல் ஆபீஸ் தாளில் சாமானுக்கு என்ன நேர்ந்தது என்று எழுதத்தான் இடம் உண்டு, சாமானால் என்ன நேர்ந்தது என்று எழுத இடம் கிடையாது. அழித்தேன். லோகநாதனிடம் காலி உறை கேட்டுவிடலாம். கேட்டுவிட்டால் இந்த வரியே எழுத வேண்டியதில்லை. "எட்டாவதுக்கு உறை மாற்றிவிடலாம்" என்று அடித்தேன். அனுப்புகிற பொத்தானுக்கு மேல் கட்டை விரல் நிற்கிறது. கையுறையோடு அழுத்தினால் போன் எடுத்துக்கொள்ளாது. கையுறையைக் கழற்றினேன். விரல் வேர்த்திருந்தது, வேட்டியில் துடைத்தேன். வாசல் கேட்டின் கொண்டி விழுகிற சத்தம். இந்தத் தடவை நிஜமான சத்தம்.

நிரஞ்சன் கையில் சுருட்டிய காகிதத்தோடு உள்ளே வந்தான். "எல்லாம் சரியா இருக்குப்பா. தாத்தா பேர்ல மட்டும் ஓர் எழுத்து விட்டிருந்தான், திருத்தச் சொல்லிட்டேன்." செருப்பைக் கழற்றிவிட்டு மேஜைக்கு வந்தான். நான் எட்டாவதின் மேல் கையை வைக்கலாம் என்று நினைத்தேன். வைக்கவில்லை. வைத்தால் அவனுக்குத் தெரிந்துவிடும் என்பதால் வைக்கவில்லையா, இனிமேல் முடியாது என்பதால் வைக்கவில்லையா, எனக்கே தெரியாது.

அவன் நேராக அதைத்தான் எடுத்தான். மற்ற ஏழையும் பார்க்கவே இல்லை. படலத்தில் கடித்த இடத்தை விரலால் தடவினான்.

"இதுக்கு என்ன எழுதினீங்க?" என்று மேஜையில் கிடந்த போனைக் காட்டிக் கேட்டான்.

"இன்னும் எழுதல." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "நிரஞ்சன், அன்னைக்கு... உன் காது... அது காய்ச்சல் இல்லடா. நான் அடிச்சேன். அதுலதான் போச்சு."

சொல்லிவிட்டேன். இருபது வருஷமாக எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்த வாக்கியம். ஒரு மூச்சில் முடிந்துவிட்டது, இவ்வளவு சின்னதா என்றிருந்தது.

"தெரியும்ப்பா" என்றான்.

"ஞாபகம் இருக்கா?"

"ரொம்ப வருஷம் இல்ல. ப்ளஸ் ஒன் படிக்கும்போது அம்மாவோட காது டெஸ்டுக்குப் போனேன்ல, உங்களுக்கு டியூட்டின்னு நீங்க வரல. அங்க இருந்த டாக்டரம்மா பாத்துட்டு, இது காய்ச்சல்ல வந்தது இல்ல, ஜவ்வு கிழிஞ்சு ஆறின தழும்பு இருக்கு, சின்ன வயசுல காதுல பலமா அறை விழுந்துச்சான்னு கேட்டாங்க. அப்புறந்தான் ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு, அம்மாகிட்ட சொன்னேன். ஜன்னல், முறுக்கு எல்லாம்."

அம்மாவோட. சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. கோமளா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். பதினோரு வருஷம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, காது மெஷின் வைக்க வேண்டாமாம் என்று மட்டும் சொன்னாள், எனக்குச் சோறு போட்டாள், ரசத்தில் உப்புக் குறைவு என்றேன், உப்பு கொண்டுவந்து வைத்தாள்.

"நீயா சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். என்னை நீ என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ரெண்டு மூணு வருஷம் பாத்தேன். அப்புறம் பாக்கறத விட்டுட்டேன்."

"நாமக்கல்ல அவங்க கேட்டப்போ..."

"அவங்க முன்னாடி வேற என்னத்தைச் சொல்லுவேன்? நாக்கு கூசிப்போச்சு."

நான் நிரஞ்சனைப் பார்த்தேன். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். உறை இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

"அடிச்சதைக்கூட நான் பெருசா நினைக்கலப்பா," என்றான். நிதானமாகத்தான் பேசினான், குரலை உயர்த்தவில்லை. "கிளாஸ்ல எல்லாரும்தான் அப்பாகிட்ட அடி வாங்குவாங்க. டாக்டர்கிட்ட நான் பட்ஸ் போட்டேன்னு சொன்னீங்க பாருங்க. அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன். அம்மாகிட்ட காய்ச்சல்னு சொன்னதுகூட நான் திட்டு வாங்கக் கூடாதுன்னுதான்னு நினைச்சேன். ஒம்பது வருஷம் நானேதான் என் காதைக் கெடுத்துக்கிட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஒவ்வொரு வாட்டி காது கேக்காம முழிக்கும்போதும் என்னையே திட்டிக்குவேன், அறிவு கெட்டவனே, உன்னை யாரு பட்ஸ் போடச் சொன்னதுன்னு."

நான் பயந்ததெல்லாம் அவனுக்கு ஞாபகம் இருக்குமோ என்றுதான். அவனுக்கு ஞாபகம் இல்லாமல் போன வருஷங்களில் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. என் பொய் இருந்தது. நான் போட்டுவிட்டு மறந்த பொய்யை ஒரு பிள்ளை ஏழு வயசிலிருந்து பதினாறு வயசு வரை சுமந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறது. என்னவோ சொல்ல வாயைத் திறந்தேன். மன்னித்துவிடு என்பது வரவில்லை, அந்தச் சொல் இதற்கு எந்த மூலைக்கும் போதாது. "ஏன்டா அதைக் கிழிச்சே?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது, இத்தனை வருஷத்தில் இதைக் கேட்டதே இல்லை.

"பாக்கறதுக்குத்தான்" என்றான். "வேற எதுக்கு? ஒரு வருஷமா வரும் வரும்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. வந்துச்சு. உங்களுக்கும் காட்டலாம்னு பாத்தேன்."

போன் அடித்தது. லோகநாதன். "சார், மணி ஒண்ணு ஆகப்போகுது. ஏழு வந்திருக்கு, எட்டாவது வரலையே?"

நான் நிரஞ்சனைப் பார்த்தேன். வைத்துக்கொள்ளட்டும், அவனுக்கே கொடுத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது, கொடுத்தால் ஏதோ சரியாகிவிடும் என்கிற மாதிரி. அவன் என் முகத்தைப் படித்துவிட்டான். தலையை ஆட்டினான்.

"எனக்கு வேண்டாம்ப்பா. வீட்டுலயும் வேண்டாம். அனுப்பிடுங்க. பையன் கிழிச்சான்னு எழுதுங்க, அது நெசந்தானே."

"லோகநாதன், எட்டாவதையும் அனுப்பறேன். உறை மாத்த வேண்டாம், இருக்கறபடியே போகட்டும். என் பையன் ஏழு வயசுல பிரிச்சுப் பாத்தது. கைரேகையும் இருக்கு, துடைக்காதீங்க." அவர் சரி சார் என்றார். ஒரு வரிதான். கோமளா பிள்ளைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

போனை வைக்கவில்லை. வைத்தால் இன்னொரு இருபது வருஷம் போய்விடும் என்று தோன்றியது. அருணகிரியின் பெயரைத் தேடினேன். "யாருக்கு?" என்று நிரஞ்சன் கேட்டான். சொன்னேன். "சிந்துஜாகிட்ட நான் அப்பவே சொல்லிட்டேன். அவங்க அப்பா அம்மாவுக்குத்தான் தெரியாது. நீங்க சொல்லியே ஆகணும்னு இல்ல" என்றான். சொல்லியே ஆகணும்னு இல்ல. அந்த வாசலும் திறந்துதான் இருந்தது. அழுத்திவிட்டேன்.

"சொல்லுங்க சம்பந்தி, பத்திரிகை வந்துருச்சுங்களா?"

"அது நாளைக்கு வந்துரும். உங்க வீட்டம்மா பக்கத்துல இருக்காங்களா? இருந்தா ஸ்பீக்கர்ல போடுங்க. அன்னைக்கு அவங்க ஒண்ணு கேட்டாங்க, நாங்க தப்பாச் சொல்லிட்டோம்."

சொன்னேன். அடித்ததைச் சொன்னேன், டாக்டரிடம் சொன்னதைச் சொன்னேன். கட்டிலுக்கு அடியில் நாணயம் தேடியதையும் சொன்னேன், அதை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் வந்துவிட்டது. கோமளாவும் நிரஞ்சனும் அதை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டார்கள். அந்தப் பக்கம் எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் விழுகிற ஓசை கேட்டது. அருணகிரி தொண்டையைக் கனைத்தார். பிறகு அந்தம்மாளின் குரல், அன்றைக்கு இருந்த அதே மெதுவான குரல்தான், ஆனால் அதில் எனக்கென்று எதுவும் இல்லை. "தம்பி இருக்காருங்களா? அவர்கிட்ட குடுங்க."

கொடுத்தேன். அவன் வலது காதில் வைத்துக்கொண்டான். "சொல்லுங்க அத்தை." அவர் என்ன கேட்டார் என்று எனக்குக் கேட்கவில்லை, மேஜையின் இந்தப் பக்கம் நின்றுகொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமாங்க அத்தை, கோவம் இருக்கு" என்றான். "போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன்." கேட்டுக்கொண்டிருந்தான். தலையாட்டினான். "இல்லைங்க. கல்யாணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, இது எனக்கும் அப்பாவுக்கும் நடுவுல இருக்கறது." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான், பார்வையை எடுக்காமலே சொன்னான். "இன்னைக்குத்தான் மொத தடவையா இதைப் பத்திப் பேச ஆரம்பிச்சிருக்கோம். சாப்பிட்டுட்டு மிச்சத்தையும் பேசணும்."